சிவப்பு எரிகிறது, நீலம் ஏன் எரியவில்லை?

கேள்வி: 5 வோல்ட் அடாப்டரில் 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மட்டும் போட்டு, சிவப்பு, நீலம், வெள்ளை எல்இடிகளைப் பேரலலாக (பக்கம் பக்கமாக) இணைத்தேன். சிவப்பு மட்டும்தான் எரிகிறது. அதைக் கழற்றிவிட்டால் மற்ற இரண்டும் எரிகின்றன. எது பழுது?

பதில்: எதுவுமே பழுதில்லை. சிவப்பு எல்இடி மற்ற இரண்டுக்கும் வேண்டிய வோல்டேஜ் ஏறவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது.

எல்இடிக்குள் இருப்பது சின்னஞ்சிறு குறைகடத்திப் படிகம். மின்னோட்டம் பாயும்போது அதன் சந்தியில் (இரு வகைக் குறைகடத்தி சேரும் இடத்தில்) எலக்ட்ரான்களும் துளைகளும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடங்களும்) சேர்கின்றன. அப்போது விடுபடும் ஆற்றல்தான் ஒளி. அந்த ஆற்றல் எவ்வளவு என்பது படிகத்தின் ஆற்றல் இடைவெளியைப் பொறுத்தது. நிறமும் அதனால்தான் அமைகிறது. 1240ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் (1 வோல்ட் ஓர் எலக்ட்ரானுக்குத் தரும் ஆற்றல்) வந்துவிடும்: 625 நானோமீட்டர் சிவப்புக்குச் சுமார் 2, 465 நானோமீட்டர் நீலத்துக்குச் சுமார் 2.7. ஆகவே நல்ல வெளிச்சத்தில் எரிய சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும். நீலத்துக்கு 3 முதல் 3.2 வோல்ட் வேண்டும். வெள்ளை என்று விற்பதும் பெரும்பாலும் நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் (நீல ஒளியை வாங்கி மஞ்சளாக ஒளிரும் பொருள்) பூசியதுதான். அதனால் அதற்கும் நீலத்தின் வோல்டேஜே.

மூன்றும் பேரலலாக இருப்பதால் மூன்றின் முனைகளிலும் ஒரே வோல்டேஜ்தான் இருக்க முடியும். சிவப்பு அதை 2 வோல்ட்டில் நிறுத்திவிடுகிறது. மீதி 3 வோல்ட் ரெசிஸ்டரில் விழ, 20 மில்லிஆம்பியரும் சிவப்பு வழியாகவே போகிறது. 2 வோல்ட்டில் நீலப் படிகத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவு மின்னோட்டம் ஓடாது.

ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனி ரெசிஸ்டர் போடுங்கள். சிவப்புக்கு 220 ஓம் (சுமார் 14 மில்லிஆம்பியர்), நீலத்துக்கும் வெள்ளைக்கும் 150 ஓம் (சுமார் 13). கால் வாட் ரெசிஸ்டர் தாராளம். 12 வோல்ட் அடாப்டர் இருந்தால் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சீரிஸில் கோத்து ஒரே 270 ஓம் போட்டால் போதும்: மூன்றும் சேர்ந்து 8.2 வோல்ட் எடுத்துக்கொள்ள, மீதி 3.8 வோல்ட் 14 மில்லிஆம்பியர் தரும். 5 வோல்ட்டில் சீரிஸ் நடக்காது.

ஒரே நிறம் என்றாலும் ஒரே ரெசிஸ்டரில் பேரலலாகப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வோல்டேஜ் இம்மி குறைவாக உள்ள எல்இடி அதிக மின்னோட்டம் இழுக்கும், சூடாகும், சூட்டில் அதன் வோல்டேஜ் இன்னும் குறையும், மேலும் இழுக்கும்.

மல்டிமீட்டரின் டயோடு முறையில் சோதிக்கும்போது கவனம். பல மீட்டர்கள் அந்த முறையில் 3 வோல்ட்டுக்கும் குறைவாகவே தருகின்றன. அவற்றில் சிவப்பு மின்னும், நல்ல நீல எல்இடி எரியாமல் போகலாம். அதைப் பழுதென்று தூக்கிப் போடாமல், 5 வோல்ட்டில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் நீளமான காலை பாசிட்டிவ் பக்கம் வைத்துப் பாருங்கள். 2 மில்லிஆம்பியரிலேயே தெளிவாக ஒளிரும்.