பிரஷர் வாஷர் நீர் பட்டு விரலில் சிறு துளை, வலி இல்லை: மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?

கட்டாயம் போக வேண்டும், அதுவும் உடனே. வலி இல்லை என்பதை நம்பாதீர்கள்.

தோலைத் துளைக்க சுமார் 7 பார் அழுத்தமே போதும். வாகனம் கழுவும் இயந்திரங்கள் 100 பாருக்கு மேல் பீய்ச்சுகின்றன. வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும். உள்ளேயோ நீரும் அழுக்கும் சோப்பு ரசாயனமும் தசைநார் வழியே உள்ளங்கை வரை பரவியிருக்கலாம். சில மணி நேரத்தில் வீங்கி, ரத்த ஓட்டம் தடைபட்டால் விரலையே இழக்க நேரிடும். கிரீஸ், பெயின்ட் கலந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். மருத்துவரிடம் “வெட்டுக்காயம்” என்று சொல்லாதீர்கள். உயர் அழுத்த நீர் உள்ளே பாய்ந்தது என்றும், அதில் என்ன கலந்திருந்தது என்றும் தெளிவாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் கட்டுப் போட்டு அனுப்பிவிடும் அபாயம் உண்டு.

கழுவும் பொருளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் பீய்ச்சும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். சாதாரண ரப்பர் கையுறை இந்த நீரைத் தடுக்காது. பீய்ச்சும் கைப்பிடியில் விரலால் அழுத்தும் விசையைக் கயிற்றால் கட்டி வைப்பதும் கூடாது. நீர் பீய்ச்சும் முனையை மாற்றுமுன் மோட்டாரை நிறுத்தி, நீர்க்குழாயை மூடி, விசையை அழுத்தி மிச்ச அழுத்தத்தை வெளியேற்றுங்கள். மோட்டார் நின்ற பிறகும் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும்.