அடித்தல், திருத்தல், மறைத்தல்

கேள்வி: வாட்ஸப்பில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் ‘திருத்தப்பட்டது’ என்று பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். ‘வருகிரேன்’ என்பதை ‘வருகிறேன்’ ஆக்கியவருக்கும், சொன்ன பேச்சை மாற்றியவருக்கும் ஒரே முத்திரை. எங்கள் குடும்பக் குழுவில் மைத்துனர் ஒருவர் ‘முதலில் வேறு என்னமோ எழுதியிருந்தீர்களே?’ என்று குடைந்துகொண்டே இருக்கிறார். இந்தக் குறியே தேவையா? எடுத்துவிட்டால் என்ன?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: உங்கள் மைத்துனர் மேல் எனக்கும் கோபம்தான். ஆனால் குறியை எடுத்துவிட்டால் அவர் சும்மா இருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? ‘முதலில் வேறு ஏதோ இருந்தது, சத்தியமாகப் பார்த்தேன்’ என்பார். அப்போதும் நீங்கள் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்பீர்கள். உங்களைக் காப்பாற்றக்கூடியது ஒன்றே ஒன்று: பழைய வாசகம். ‘இதோ பாருங்கள், ரகரம் றகரமாகியிருக்கிறது, அவ்வளவுதான்’ என்று தொட்டுக் காட்டிவிட்டால் அவர் வாய் அடைத்துப்போகும். வாட்ஸப் தர மறுப்பது அதைத்தான்.

2023 மே மாதம் இந்த வசதி வந்தபோதே சொல்லிவிட்டார்கள்: அனுப்பி 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், பக்கத்தில் குறி விழும், ஆனால் முன்பு என்ன இருந்தது என்பது காட்டப்படாது. திருத்தியதற்காகப் படிப்பவர் போனில் மணியும் அடிக்காது. ஆக, இவர் எதையோ மாற்றினார் என்று தண்டோரா போடுகிறது. எதை என்று கேட்டால் வாயைத் திறக்காது. சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு ஆதாரத்தைப் பூட்டி வைத்துக்கொள்வது என்ன நியாயம்? எனவே என் பதில் உங்கள் கோரிக்கைக்கு நேர் எதிர். குறி இருக்கட்டும், அதைத் தட்டினால் பழசும் தெரியட்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அடுத்த மாதம் முதல் மெயின்டனன்ஸ் 2,500 ரூபாய், எல்லாருக்கும் சம்மதமா?’ என்று செயலாளர் போடுகிறார். ‘ஓகே சார்’, ‘டபுள் ஓகே’, இரண்டு கும்பிடு, நாலைந்து கட்டைவிரல். பத்தாவது நிமிடம் அவருக்கு லிஃப்ட் செலவு நினைவுக்கு வருகிறது. 2,500-ஐ 2,800 ஆக்கிவிடுகிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, விட்டுப்போனதைச் சேர்த்தார். ஆனால் அத்தனை ‘ஓகே’யும் இப்போது 2,800-க்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. சாயங்காலம் போனைத் திறக்கும் ஏ பிளாக் மாமிக்கு, எல்லாரும் மனமுவந்து 2,800-க்குத் தலையாட்டிய மாதிரிதான் தெரியும். தலையாட்டியவர்களுக்கே மாதம் பிறந்து பணம் கட்டப் போகும்போதுதான் தெரியும்.

நான் கோடு போடுவது இந்த இடத்தில்தான். யாரும் பதில் சொல்லாதவரை நீங்கள் எழுதியது உங்கள் சொத்து. எத்தனை தடவை வேண்டுமானாலும் அடித்து எழுதுங்கள், ஒரு குறியும் வேண்டாம் என்றால்கூட எனக்குச் சம்மதம். ஒருவர் பதில் போட்டுவிட்டால், ஒரு கட்டைவிரலே ஆனாலும், அதில் அவருக்கும் பங்கு வந்துவிடுகிறது. கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம், 30 நிமிடம் என்று கெடு வைப்பதைவிட, பதில் வந்ததா இல்லையா என்று பார்த்து வைக்கலாம். நிறுவனங்கள் ஏனோ கடிகாரத்தையே கட்டிக்கொண்டு அழுகின்றன.

ட்விட்டர் எடிட் பொத்தானே தராமல் வருடக்கணக்கில் இழுத்தடித்ததற்கும் இந்தப் பயம் ஒரு காரணம். அநேகமாக அது வரவே வராது என்று 2020 ஜனவரியில் அப்போதைய தலைவர் ஜாக் டோர்சி சொன்னார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பகிர்ந்த பிறகு, எழுதியவர் உள்ளடக்கத்தையே மாற்றிவிட்டால் பகிர்ந்தவர் கதி என்ன என்பது அவர் கேள்வி. 2022-இல் கடைசியில் பொத்தான் வந்தது, அதுவும் காசு கட்டுகிறவர்களுக்கு மட்டும். ஆனால் ஒன்றை ஒழுங்காகச் செய்தார்கள்: குறியைத் தட்டினால் முந்தைய வடிவங்கள் வரிசையாகத் தெரியும். ஃபேஸ்புக்கிலும் பதிவுகளுக்குத் திருத்த வரலாறு உண்டு, தேடிக் கண்டுபிடிக்கப் பொறுமை இருந்தால். தொழில்நுட்பம் இடம் கொடுக்கவில்லை என்று வாட்ஸப் சொல்ல முடியாது.

குறி, வரலாறு எல்லாம் சாமானியருக்கு மட்டும்தானா என்று இன்னொரு கேள்வி உண்டு. நீங்கள் அதைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ரெடிட் தளத்தில் எழுதி மூன்று நிமிடத்துக்குப் பிறகு திருத்தினால் நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும். 2016 நவம்பரில் அந்தத் தளத்தின் தலைவர் ஸ்டீவ் ஹஃப்மனை, டிரம்ப் ஆதரவாளர்களின் குழு ஒன்றில் சிலர் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தத் திட்டுகளில் தன் பெயர் இருந்த இடத்தில் அந்தக் குழுவை நடத்துகிறவர்களின் பெயரை மாற்றி வைத்தார். எழுதியவர்களைக் கேட்கவில்லை. நட்சத்திரமும் விழவில்லை. அவர்கள் தங்கள் குழுத் தலைவர்களையே வசைபாடியதுபோல ஆகிவிட்டது. விஷயம் வெளியே வந்ததும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். தமாஷாகச் செய்ததாக இருக்கலாம். ஆனால் கிடங்கின் சாவி வைத்திருப்பவர் அடுத்தவர் வாயில் வார்த்தையை வைக்கலாம், தடயமும் இருக்காது என்று தெரிந்துவிட்டதே! சாவி வைத்திருப்பவர் கைவைத்தாலும் பதிவாகிற ஏற்பாடு இல்லையென்றால், சாமானியர் தலையில் மட்டும் நட்சத்திரம் குத்துவது வெறும் சடங்கு.

இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்தபின் முளைத்த அக்கறை இல்லை. வீட்டுப் பத்திரத்தைப் பதிய சார் பதிவாளர் அலுவலகம் போனவர்களுக்குத் தெரியும். பத்திரத்தில் அடித்தல், திருத்தல், இடைச்செருகல் இருந்து, எழுதிக் கொடுப்பவர் அதன் பக்கத்தில் கையெழுத்தோ சுருக்கொப்பமோ போடவில்லை என்றால் அதை வாங்க மறுக்கலாம் என்கிறது 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு. அதோடு விடவில்லை. வாங்கிப் பதிவு செய்தால், இன்னின்ன திருத்தம் இருந்தது என்று பதிவேட்டிலும் குறித்து வைக்கச் சொல்கிறது. நன்றாகக் கவனியுங்கள், திருத்தாதே என்று சட்டம் சொல்லவில்லை. ‘நாலு சென்ட்’ என்று அடித்துவிட்டு ‘ஐந்து சென்ட்’ என்று எழுதலாம். அடித்ததும் தெரிய வேண்டும், அடித்தது யார் என்றும் தெரிய வேண்டும். கம்பெனிக் கணக்குக்கும் அப்படித்தான். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருளில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை நிறுத்தி வைக்கவே முடியாதபடி இருக்க வேண்டும் என்று விதி. உங்கள் ஊர் ஆடிட்டரைக் கேளுங்கள், எடிட் லாக் பற்றி அரை மணி நேரம் புலம்புவார்.

சரி, மறுபக்கமும் இருக்கிறது. அவசரத்தில் ஒரு பெண் தன் போன் நம்பரைப் பொதுவில் போட்டுவிட்டு, சுதாரித்து எடுக்கிறாள். பழைய வாசகத்தைக் காட்டியே தீருவேன் என்றால் அது அநியாயம். இதற்கு விக்கிப்பீடியாவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே எந்தக் கட்டுரையிலும் ‘வரலாறு’ போய்ப் பார்த்தால் ஒவ்வொரு திருத்தமும், செய்தவர் பெயரும், நேரமும் இருக்கும். எழுத்துப் பிழைதான் என்றால் ‘சிறு தொகுப்பு’ என்று திருத்துகிறவரே குறித்துக்கொள்ளலாம். உங்கள் ரகர றகர மனக்குறைக்கு அங்கே மருந்து இருக்கிறது! யாருடைய அந்தரங்க விவரமாவது பழைய வடிவத்தில் மாட்டிக்கொண்டால், அந்த ஒரு வடிவத்தை மட்டும் பொறுப்பில் இருப்பவர்கள் மூடிவிடுவார்கள். மூடப்பட்டது என்பது மட்டும் பட்டியலில் தெரியும், உள்ளே என்ன என்பது தெரியாது. விதிவிலக்குக்கு இவ்வளவு போதும். அதைக் காட்டி மொத்த வரலாற்றையும் பூட்டிவைப்பது சாக்குப்போக்கு.

வரலாறு இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கிறோமே. ஆளுக்கு ஆள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அலைகிறார்கள். அதையும் நம்ப முடியாது. உட்கார்ந்த இடத்தில் ஐந்து நிமிடத்தில் ஒரு போலிப் படம் தயாரித்துவிடலாம். என் ஜாதிக்காரர்களான பத்திரிகைக்காரர்களும் இதில் யோக்கியர்கள் இல்லை. அச்சில் தப்பு வந்தால் அடுத்த இதழில் ‘வருந்துகிறோம்’ என்று பெட்டி கட்டிப் போடுகிறவர்கள், இணையத்தில் தலைப்பையே இரவோடு இரவாக மாற்றிவிட்டு ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று ஒரு நேரத்தை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். என்ன புதுப்பித்தார்கள் என்று காலையில் படித்த வாசகர் எங்கே போய்க் கேட்பது?

வாட்ஸப் எப்போது திருந்துமோ. அதுவரை பெயர், தேதி, தொகை இந்த மூன்றில் எதை மாற்றுவதாக இருந்தாலும், 15 நிமிட அவகாசம் பாக்கி இருந்தாலும், பழையதில் கை வைக்காதீர்கள். ‘மேலே 2,500 என்று போட்டது தவறு, 2,800’ என்று தனிச் செய்தியாகப் போடுங்கள். எல்லார் போனிலும் மணி அடிக்கும். முன்பு ‘ஓகே’ சொன்னவர்கள் மறுபடி சொல்லட்டும், இல்லை, சண்டைக்கு வரட்டும்.