மழையே இல்லை, கூடாரம் மட்டும் எப்படி நனைந்தது?

கேள்வி: காட்டுக்குள் ஒரு சின்ன ஏரி, எங்களைத் தவிர ஆளே இல்லை. தண்ணீரை ஒட்டியே கூடாரம் போட்டோம். மழை இல்லை, ஆனால் காலையில் உள்பக்கம் முழுக்க ஈரம். கூடாரம் ஒழுகுகிறதா? ஏரித் தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: ஒழுகவில்லை, புதுசு வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். ராத்திரி முழுக்க நீங்கள் விட்ட மூச்சின் ஈரம்தான் குளிர்ந்த துணியில் பட்டு முத்து முத்தாக நின்றிருக்கிறது. ஏரிக்கரை வேறு பள்ளம், குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கி வந்து அங்கேயே தேங்கிவிடும். அடுத்த முறை கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, கொஞ்சம் மேடாக, மரங்களுக்கு அடியில் இடம் பாருங்கள். ஆனால் முளை அடிக்கும் முன் அண்ணாந்து பார்த்து, காய்ந்த கிளை ஏதும் தொங்குகிறதா என்று கவனியுங்கள், இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். குளிருதே என்று எல்லா ஜிப்பையும் இழுத்து மூடாமல் மேலே உள்ள காற்றுத் திறப்பைத் திறந்தே வையுங்கள். ஈரத் துணியை உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம் தண்ணீர். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடம் என்றால் 3 நிமிடம். பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் பாசி படர்ந்திருந்தால் அந்தத் தண்ணீரே வேண்டாம், அதில் நஞ்சு இருந்தால் கொதிக்க வைத்தாலும் போகாது.