கார் ஆலை எங்கே, எத்தனை கார்? கேள்வி பதில்

கார் ஆலைகளில் உற்பத்தித் திட்டம் போட்டு ஓய்வுபெற்றவன் நான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

செங்கல்பட்டு வாசகர்: இடம் தேர்வு செய்யும்போது முதலில் நிலத்தின் விலையைத்தானே பார்ப்பார்கள் சார்?

இல்லை. முதலில் எண்ணிக்கை. ஆண்டுக்கு எத்தனை கார் உள்ளூரில் போகும், எத்தனை கப்பல் ஏறும்? காருக்குப் பெயிண்ட் அடிக்கும் பகுதியான பெயிண்ட் ஷாப்பைப் பாதியாகக் கட்ட முடியாது. குறைவான கார் ஓடினாலும் செலவு பெரிதாகக் குறையாது.

அடுத்தது வெண்டர்கள், அதாவது உதிரிபாகம் செய்து கொடுப்பவர்கள். கார் இருக்கையை, அதாவது சீட்டை, தூரத்திலிருந்து ஏற்றினால் லாரியில் பாதி காற்றுதான் வரும். அதனால் சீட் செய்பவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். காரைப் பூட்டும் லைனில் அடுத்த காருக்குக் கருப்பு சீட், அதற்கடுத்ததற்குப் பழுப்பு என்றால், லாரியிலிருந்தும் அதே வரிசையில் இறங்க வேண்டும். வரிசை பிசகினால் லைன் நிற்கும். அப்புறம்தான் துறைமுகம், சலுகை, நிலம்.

ஃபோர்டு ரசிகர்: மறைமலைநகரில் மூடிய ஃபோர்டு ஆலையில் மறுபடி கார் எப்போது?

2025 அக்டோபரில் அறிவித்தது எஞ்சின்தான். 2029 முதல், ஆண்டுக்கு 2.35 லட்சம்.

மதுரை வாசகர்: மூடியதற்குத் தொழிலாளர் போராட்டம்தானே காரணம்?

இல்லை. மூடப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்த பிறகுதான் போராட்டமே வந்தது. மறைமலைநகர் இருக்க, 2015இல் குஜராத்தின் சானந்தில் இன்னொன்றைத் திறந்தார்கள். இரண்டும் சேர்ந்து 4 லட்சத்துக்கு மேல் திறன். கடைசியில் கால்வாசிகூட ஓடவில்லை. பத்தாண்டு நஷ்டம் 200 கோடி டாலருக்கு மேல்.

ஹூண்டாயைப் பாருங்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ. இரண்டாவது ஆலை 2008இல், அதே வளாகத்தில். அதே வெண்டர், அதே துறைமுகம்.

மதுரை வாசகர்: சானந்தை ஏற்றுமதியையும் கணக்கிட்டுத்தான் கட்டினார்கள். உள்ளூர் விற்பனையை வைத்துப் பேசுவது நியாயமா?

ஏற்றுமதி நடந்தது, மறுக்கவில்லை. மறைமலைநகரில் செய்த ஈகோஸ்போர்ட் கார் அமெரிக்காவுக்கே போனது. ஆனால் ஏற்றுமதி ஆர்டர் தலைமையகத்தின் கையில் இருக்கிறது. அங்கே மாடலை நிறுத்தினால் இங்கே ஷிஃப்ட் போகும். உள்ளூரில் ஓடும் வண்டி அடியில் இருந்தால்தான் தாங்கும்.

மதுரை வாசகர்: சானந்த் அவ்வளவு தப்பான ஆலை என்றால் டாடா ஏன் அதை வாங்கியது?

ஆலை தப்பு என்று நான் எங்கே சொன்னேன்? 725.7 கோடி ரூபாய்க்குத் தயாரான ஆலை, அதுவும் தன் ஆலைக்குப் பக்கத்திலேயே கிடைத்தால் யார் விடுவார்கள்? ஆனால் டாடாவும் அதே சானந்தில் பட்டதுதான். மேற்கு வங்கத்தின் சிங்கூரிலிருந்து 2008இல் கிளம்பி, நானோ என்ற சின்னக் காருக்காக 2.5 லட்சம் கார் திறனில் கட்டினார்கள். நல்ல ஆண்டில்கூட விற்றது 75,000க்குள். பிறகு டியாகோ, டிகோர் வந்துதான் லைன் நிரம்பியது. சரி, இதோடு விடுவோம்.

இன்னொருவர்: மறைமலைநகரில் ஃபோர்டின் எண்டெவர் கார் வருமா?

எஞ்சின். எஞ்சின் மட்டும். மேலே சொன்னதைப் படியுங்கள்.

நெல்லை வாசகி: தூத்துக்குடியில் வியட்நாம் நிறுவனமான வின்ஃபாஸ்ட் 1.5 லட்சம் மின்சார கார் செய்யுமாமே?

தொடக்கத் திறன் 50,000தான் அம்மா, 1.5 லட்சம் பிற்பாடு. இரண்டுமே ஆலைத் திறன், விற்பனை அல்ல. துறைமுகம் அருகில் இருப்பது பலம். சுற்றிலும் எத்தனை வெண்டர்கள் வருகிறார்கள் என்று பாருங்கள்.

குரோம்பேட்டை வாசகர்: ஓரகடத்தில் மனை வாங்கலாமா?

வில்லங்கம் பார்க்கத் தெரிந்த வக்கீலைக் கேளுங்கள்.