இல்லத்துக்குப் பதிவு இருக்கிறதா?

கேள்வி: மகன் பிறந்தநாளுக்கு ஆண்டுதோறும் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சாப்பாடு போடுகிறோம். இந்த முறை ஒரே ஹாலில் அத்தனை பிள்ளைகளும் நெருக்கியடித்துப் படுப்பதைப் பார்த்தோம். இல்லத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புகார் செய்தால் பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிடுவார்களா?

பதில்: அலுவலகச் சுவரில் டிரஸ்ட் பத்திரத்தையும் 80ஜி வரிவிலக்குச் சான்றையும் மாட்டியிருப்பார்கள். இரண்டுமே பிள்ளைகளைத் தங்கவைக்கும் அனுமதி ஆகாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, 41-வது பிரிவின்படி மாநில அரசு தரும் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். அது 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும், அதனால் தேதியையும் பாருங்கள். "நாங்கள் அரசுப் பணம் வாங்குவதில்லை" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். நன்கொடையில் நடந்தாலும் பதிவு கட்டாயம். இல்லாவிட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டு இல்லங்களில் நடந்த கொடுமைகளைப் பற்றிய வழக்கில்தான், 2017 மே மாதம், நாடு முழுவதும் எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

சான்றிதழைக் காட்ட மறுத்தால் அங்கே வாக்குவாதம் வேண்டாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதுங்கள், கலெக்டருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மாவட்ட ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு இல்லத்துக்கும் போக வேண்டும். குழுவில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் இருக்க வேண்டும். கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். என் அனுபவத்தில், இந்த ஒரு கேள்விக்கு ஃபைல் நகர்கிறது. அடி, பட்டினி, பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தால் கடிதத்துக்குக் காத்திருக்காமல் உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள்.

உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் இல்லத்தை மூடினாலும் பிள்ளைகளை யாரும் அப்படியே வெளியே அனுப்பிவிட முடியாது. ஒவ்வொரு பிள்ளையும் எங்கே போவது என்பதைக் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யும். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அப்பாவோ அம்மாவோ இருக்கிறார்கள், வறுமைதான் பிரித்திருக்கிறது. அவர்களை வீட்டோடு சேர்ப்பதைத்தான் சட்டம் முதலில் பார்க்கச் சொல்கிறது. முடியாதவர்கள் பதிவுள்ள வேறு இல்லத்துக்குப் போவார்கள்.

அப்புறம், கேக் வெட்டும் போட்டோக்களை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். இல்லத்துப் பிள்ளைகளின் முகத்தையோ பெயரையோ வெளியிடுவதும் குற்றம். புகாரோடு போட்டோ அனுப்புவதானால் ஹாலை மட்டும் எடுத்து அனுப்புங்கள்.