‘லைன் ஆஃப் டியூட்டி’ ஆறாம் பருவத்தின் இறுதி அத்தியாயம் உண்மையில் ஏமாற்றம்தானா?

‘லைன் ஆஃப் டியூட்டி’ என்ற பிரிட்டிஷ் காவல் துறைத் தொலைக்காட்சித் தொடரில், ஆறாம் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில் குற்றக் கும்பலுக்கு உள்ளிருந்து உதவிய ‘நான்காம் ஆள்’ யார் என்பது வெளிப்பட்ட விதம் தொடரையே கெடுத்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள், அது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்ல வந்த விஷயத்தில் அந்த அத்தியாயம் மிகச் சரியாகவே இருந்தது, சொன்ன விதத்தில்தான் சில இடங்களில் சறுக்கியது என்பது என் எண்ணம். இதை விளக்க முடிவைச் சொல்லியாக வேண்டும். ஆகவே தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

2012இல் பிபிசி 2இல் தொடங்கிய இத்தொடரை எழுதியவர் ஜெட் மெர்குரியோ. ஏசி-12 என்பது அதில் வரும் கற்பனைப் பிரிவு. நம் ஊர் லஞ்ச ஒழிப்புத் துறையைப் போல அரசு ஊழியர் எல்லோரையும் விசாரிக்காமல், காவல் துறைக்குள் இருந்துகொண்டு காவலர்களை மட்டுமே விசாரிக்கும் பிரிவு அது. ஹேஸ்டிங்ஸ், ஆர்னாட், ஃபிளெமிங் என்ற மூவரும் ஆறு பருவங்களாகத் துரத்துவது, குற்றக் கும்பலுக்காக உள்ளிருந்து வேலை பார்க்கும் மேலதிகாரிகளை. 2016இல் வந்த மூன்றாம் பருவத்தின் முடிவில், காட்டன் என்ற கறைபடிந்த அதிகாரி குண்டடிபட்டு இறக்கும் தறுவாயில் ஃபிளெமிங்கின் கைபேசிக்கு வாக்குமூலம் தருகிறான். ‘எச்’ என்ற எழுத்தில் தொடங்கும் பெயர் என்றுதான் அப்போது புரிந்துகொள்ளப்படுகிறது. ஐந்தாம் பருவத்தில் அதே காணொளியை மறுபடி பார்க்கும்போது, அவன் விரல் நான்கு முறை தட்டுவது கண்ணில் படுகிறது. மோர்ஸ் குறியீட்டில் நான்கு புள்ளிகள் ‘எச்’ என்ற எழுத்தைக் குறிக்கும். ஆக அவன் சுட்டியது ஒரு பெயரை அல்ல, அந்த நான்கு புள்ளிகளைப் போல உள்ளிருந்த நான்கு பேரை. மூவர் தெரிந்துவிட்டார்கள், மிச்சம் ஒருவர்.

அந்த ஒருவரைப் பார்க்க 2021 மே 2 அன்று இரவு ஏறக்குறைய ஒரு கோடியே 28 லட்சம் பேர் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தார்கள். விசாரணை அறைக் காட்சிகள்தான் இத்தொடரின் உயிர்நாடி. ஒலிப்பதிவுக் கருவி நீண்ட நேரம் கூவி ஓய்ந்த பிறகுதான் முதல் கேள்வி வரும். தன்னைவிட ஒரு படியாவது உயர்ந்த பதவியில் இருப்பவர்தான் தன்னை விசாரிக்க வேண்டும் என்று எதிரில் இருக்கும் அதிகாரி உரிமை கோருவார். அதையே ஆயுதமாக்கித் தப்பிக்கவும் பார்ப்பார். இத்தனை சடங்கோடும் எதிர்பார்ப்போடும், முகம் காட்டாமல் அழைத்துவரப்பட்டு அந்த நாற்காலியில் அமர்ந்தவர் இயன் பக்கெல்ஸ். முதல் பருவத்திலிருந்தே அவ்வப்போது வந்துபோன, எந்த வழக்கையும் உருப்படியாக நடத்தத் தெரியாத, மேலதிகாரிகளுக்குத் தலையாட்டியே சூப்பரின்டென்டன்ட் பதவி வரை ஏறிய மந்தமான மனிதர். அவரைக் காட்டிக்கொடுத்ததும் பெரிய துப்பறிதல் எதுவும் அல்ல. கும்பலுக்கு அனுப்பப்பட்ட செய்திகளில் தொடர்ந்து வந்த ஓர் எழுத்துப்பிழை, அவர் எழுதிய பழைய ஆவணத்திலும் இருந்தது.

ரசிகர்களின் கோபம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஹேஸ்டிங்ஸே குற்றவாளியோ என்ற சந்தேகத்தை ஒரு பருவம் முழுவதும் வளர்த்தார்கள். ஜேம்ஸ் நெஸ்பிட் போன்ற பிரபல நடிகரின் படத்தை ஒரு பழைய அதிகாரியின் புகைப்படமாகக் காட்டி ஆவலைத் தூண்டிவிட்டு, அந்தப் பாத்திரத்தை ஸ்பெயினில் பிணமாகக் கிடக்கவிட்டார்கள். (ஒரு புகைப்படத்துக்காக மட்டும் நெஸ்பிட்டை அழைத்திருப்பார்கள் என்று யார் நினைப்பார்கள்? அந்தக் குறும்பை நான் ரசித்தேன்.) இவ்வளவுக்கும் பிறகு ஒரு பெரும் சூத்திரதாரியை எதிர்பார்த்தவர்களுக்கு ஓர் உதவாக்கரை கிடைத்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் பக்கெல்ஸ் உண்மையில் செய்தது என்ன என்று பாருங்கள். அவர் எதையும் திட்டமிடவில்லை. கும்பலின் தலைவன் டாமி ஹன்டர் இருந்தவரை அவன் சொன்னதைச் செய்தார். அவன் போன பிறகு, வரும் உத்தரவுகளை அடுத்தவருக்குக் கடத்திவிட்டுக் காசு வாங்கிக்கொண்டார். அவரது ஊழலைத் திறமையின்மை என்று இத்தனை காலம் எண்ணியிருந்ததை விசாரிப்பவர்கள் அவர் முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்ளும் இடம்தான் அத்தியாயத்தின் மையம். அதுவரை ஒன்றும் சொல்வதற்கில்லை என்று மழுப்பிக்கொண்டிருந்த மனிதர், தன்னை முட்டாள் என்று நினைத்தவர்களைத்தான் முட்டாளாக்கிவிட்டதாகப் பெருமை பேசத் தொடங்கும்போது, பக்கெல்ஸாக நடித்த நைஜல் பாயிலின் முகத்தில் வரும் அற்பச் சிரிப்பு எந்த வில்லத்தனத்தையும்விட எனக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு கோப்பு தொலைந்தாலும் ஒரு சாட்சி விசாரிக்கப்படாமல் போனாலும் அதைச் சோம்பல் என்று எழுதி மூடிவிடும் நிறுவனத்தில், சோம்பேறி என்று பெயர் எடுப்பதைவிடப் பாதுகாப்பான மறைவிடம் வேறு உண்டா? அவருக்குப் பதவி உயர்வு கிடைத்ததிலும் வியப்பில்லை. கேள்வி கேட்காத கீழதிகாரியை எல்லா மேலதிகாரிகளுக்கும் பிடிக்கும்.

இதை மெர்குரியோ காற்றிலிருந்து பிடிக்கவில்லை. தொடரில் வரும் லாரன்ஸ் கிறிஸ்டஃபர் என்ற கறுப்பின இளைஞரின் வழக்கு, 1993இல் லண்டன் எல்தமில் வெள்ளையின இளைஞர் கும்பலால் குத்திக் கொல்லப்பட்ட ஸ்டீபன் லாரன்ஸின் வழக்கை அப்பட்டமாக நினைவூட்டுகிறது. இன்னும் பொருத்தமான நிகழ்வு, இறுதி அத்தியாயம் ஒளிபரப்பாகி ஆறே வாரங்களில் நடந்தது. தனியார் துப்பறிவாளர் டேனியல் மார்கன் 1987 மார்ச் 10 அன்று தென்கிழக்கு லண்டனில் ஒரு மதுக்கடையின் வாகன நிறுத்துமிடத்தில் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். அடுத்தடுத்துப் பல விசாரணைகள் நடந்தும் இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. அது குறித்து நூலா ஓலோன் தலைமையிலான சுயேச்சைக் குழு 2021 ஜூன் 15 அன்று வெளியிட்ட அறிக்கை, தன் தோல்விகளை மறைத்தும் மறுத்தும் பொதுமக்களிடம் தன் பெயரைக் காத்துக்கொள்வதையே லண்டன் பெருநகரக் காவல் துறை முதல் நோக்கமாகக் கொண்டிருந்தது என்றும், அதுவும் நிறுவனமயமான ஊழலின் ஒரு வடிவமே என்றும் கூறியது. கைநீட்டிக் காசு வாங்குவது மட்டுமே ஊழல் அல்ல, தன் துறைக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்பதற்காக உண்மையைப் புதைப்பதும் ஊழல்தான் என்ற அந்த வரையறையை வைத்துப் பார்த்தால், தொடரின் உண்மையான குற்றவாளி பக்கெல்ஸ் அல்ல; சீஃப் கான்ஸ்டபிள் பிலிப் ஆஸ்போர்ன். (அந்தப் பதவி நம் ஊர் ஏட்டு அல்ல, படைக்கே தலைவர்.)

என் குறையும் இங்கேதான் தொடங்குகிறது. 2012இல் முதல் காட்சியில், பயங்கரவாத எதிர்ப்புப் படை தவறான வீட்டுக்குள் புகுந்து ஒரு அப்பாவியைச் சுட்டுக்கொன்றபோது, எல்லோரும் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தியவர் இதே ஆஸ்போர்ன். அந்தப் பொய்யைச் சொல்ல மறுத்துத்தான் ஆர்னாட் ஏசி-12க்கு வந்தார். 2005இல் ஸ்டாக்வெல் சுரங்க ரயில் நிலையத்தில் ஷான் சார்லஸ் டி மெனேசெஸ் என்ற பிரேசில் இளைஞர் காவலர்களால் தவறுதலாகச் சுட்டுக்கொல்லப்பட்டதன் நிழல் அதில் இருப்பது வெளிப்படை. ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே மனிதர் படையின் உச்சியில் இருக்கிறார். பக்கெல்ஸின் கும்பல் தொடர்பு நீதிமன்றத்தில் வெளிவராதபடி பொதுநலக் காப்புச் சான்றிதழ் என்ற சட்ட வழியைக் காட்டிக் கதவு சாத்தப்படுகிறது. இவ்வளவு கனமான முடிவை, அதற்கென ஒரு முழுக் காட்சி கூட ஒதுக்காமல், ஓரிரு வசனங்களிலும் கடைசியில் திரையில் ஓடும் எழுத்துகளிலும் முடித்துவிட்டார்கள். ஆறாம் பருவத்தில் விசாரிக்கப்பட்ட அதிகாரி ஜோ டேவிட்சன் கிராமத்து வீட்டில் நாயோடு நிம்மதியாக வாழ்வதைக் காட்டிய நேரத்தை ஆஸ்போர்னுக்குக் கொடுத்திருக்கலாம். ஹேஸ்டிங்ஸ் தன் இடத்துக்கு வந்த அதிகாரி கார்மைக்கேலிடம் தன் தவறை ஒப்புக்கொள்ளும் காட்சியில் ஏட்ரியன் டன்பாரின் நடிப்பு அருமை. ஆனால் அதுவும் அவசரமாகவே கடந்துபோகிறது.

இந்த அத்தியாயத்தை இன்னொரு முறை பார்ப்பதாக இருந்தால், அதற்கு முன் முதல் பருவத்தில் பக்கெல்ஸ் வரும் காட்சிகளை மட்டும் தேடிப் பாருங்கள். ஆறாம் பருவத்தைத் தனியாகப் பார்க்கத் தொடங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்பது ஆண்டுகளாக நம் கண்முன்னே உலவியும் நாம் பொருட்படுத்தாத மனிதர் என்பதால்தான் அந்த நாற்காலியில் அவர் அமர்வதற்கு அர்த்தம் இருக்கிறது. புதிதாகப் பார்ப்பவருக்கு அவர் யாரோ ஒரு அதிகாரி மட்டுமே.