கறண்ட் என்ற சொல்லுக்கு ஏன் இத்தனை அர்த்தம்?

ஆற்றிலும் கரண்ட், வயரிலும் கரண்ட், வங்கியிலும் கரண்ட் அக்கவுண்ட், எல்லாம் ஒரே சொல்லா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை போலத் தெரிகிறது. ஒரே சொல்தான். (எங்கள் பக்கம் கறண்ட் என்றுதான் எழுதுவோம், திருத்த வராதீர்கள்.)

லத்தீனில் 'குர்ரேரே' என்றால் ஓடுதல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஓடுகிற தண்ணீர், ஓடிக்கொண்டிருக்கிற காலம், பிறகு மின்சாரம். 18ஆம் நூற்றாண்டில் மின்சாரத்தையும் ஒருவகைத் திரவம் என்றே நினைத்தார்கள். கேக்குக்குப் போடுகிற கறன்ஸ் (உலர்ந்த சின்னத் திராட்சை) மட்டும் இந்தக் குடும்பம் இல்லை, அது கிரேக்கத்துக் கொரிந்து நகரின் பெயரிலிருந்து வந்தது.

நான் மொழியியல் படித்தவனில்லை. இந்தச் சொல்லால் அவமானப்பட்டவன், அதனால் தேடிப் படித்தேன்.

1990க்குப் பிறகு, யுத்த காலத்தில், இலங்கையின் வடக்கே வன்னியில் லைன் கறண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை ரேடியோவில் கொழுவி, அண்ணா பெடலைக் கையால் சுற்றுவார். அவர் கை ஓய்ந்தால் செய்தி வாசிக்கிறவரும் ஓய்ந்துவிடுவார். கறண்ட் என்றால் எனக்கு அவ்வளவுதான்.

சாதாரண தர வகுப்பில் ஒரு ஆங்கில வசனம்: ஆற்றின் கறண்ட் ஒரு சிறுவனை இழுத்துப் போனது. நான் எழும்பி, "ஆத்துக்குள்ள பெடியனுக்குக் கறண்ட் அடிச்சிட்டுது ரீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. "தம்பி, மாரிக்கு இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயேக்க போய்ப் பாரும். இறங்கிப் போடாதையும்" என்றா.

போனேன். ஒரு பூவரசந் தடியை எறிந்தேன். நுரைக்குள் ஒருதரம் நிமிர்ந்தது, பிறகு காணவில்லை.

வேடிக்கை என்னவென்றால், தமிழில் மின்னோட்டமும் நீரோட்டமும் ஓடுகின்றன, மற்றவை ஓடுவதில்லை. கறண்ட் அக்கவுண்ட் நமக்கு நடைமுறைக் கணக்கு, இந்த வருஷம் நடப்பு வருஷம். வெள்ளைக்காரன் ஓடுகிற இடத்தில் நாம் நடக்கிறோம். இது தனித்தமிழ்ப் பிரசாரம் இல்லை, கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

படிவங்களில் இப்போதைய முகவரி கேட்கிற கறண்ட் அட்ரஸ் என்ற கட்டம்தான் எனக்குப் பிடிக்காதது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம்பெயர இடம்பெயர மாறி மாறி எழுதியிருக்கிறோம். அந்தச் சொல்லின் பழைய அர்த்தம் அங்கே அப்படியே பொருந்தும்.

இப்போது வீட்டில் கறண்ட் இருக்கிறது. பில் மட்டும் இன்னும் செத்துப்போன அப்பாவின் பெயரில் வருகிறது. பெயர் மாற்றக் காணி பேர்மிற் கேட்கிறார்கள். அது 2009இல் உடுப்புப் பெட்டியோடு போய்விட்டது என்றால், போனதற்கு ஒரு கடிதம் கொண்டு வா என்கிறார்கள். மூன்று தரம் போய்வந்துவிட்டேன். பஸ் காசே பில்லைத் தாண்டிவிட்டது.